தரைக்கு எத்தனை டைல்ஸ்? கேள்வி பதில்

கே: அறை 12 அடிக்கு 14 அடி, டைல்ஸ் இரண்டடிக்கு இரண்டடி. 168-ஐ 4-ஆல் வகுத்து 42 வாங்கினேன். நடுப்பகுதி முடிந்தது, சுவரோரம் பாதிக்கு மேல் மொட்டையாக நிற்கிறது. கொத்தனார் வீணடித்துவிட்டாரா?

ப: அவர் மேல் தவறில்லை. 'இரண்டடி' என்பது பேச்சுக்குத்தான். அந்தக் கல் 600 மில்லிமீட்டர், இரண்டடியோ கிட்டத்தட்ட 610. ஆகவே ஒரு கல்லின் பரப்பு 4 சதுர அடி அல்ல, சுமார் 3.87. இதிலேயே 44 கல் ஆகிவிடுகிறது.

பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. 12 அடி என்பது 3,658 மி.மீ. ஆறு முழுக் கல் வைத்து, இடைவெளி 2 மி.மீ. வீதம் கழித்தால், மிஞ்சுவது 45 மி.மீ. அளவுக்கு ஒரு கீற்று. சுவர் கோணலாக இருந்தால் அந்தக் கீற்று ஒரு முனையில் 45, மறு முனையில் 30 என்று சிறுத்து, கோணலை ஊருக்கே காட்டிக்கொடுக்கும். அதனால் உங்கள் கொத்தனார் நடுவில் ஐந்து முழுக் கல்லும், இரு ஓரத்திலும் சுமார் 322 மி.மீ. துண்டுகளுமாகப் பிரித்திருக்கிறார். 322 வெட்டினால் மிஞ்சும் 278 எதிர் ஓரத்துக்குப் போதாது. ஆக வரிசைக்கு 7 கல். நீளவாக்கில் இதே கதை, 8 வரிசை. மொத்தம் 56.

ஒரு மூலையில் சேரும் இரண்டு சுவர்களையும் முழுக்க அலமாரியோ கட்டிலோ மறைக்கப்போகிறது என்றால், எதிர் மூலையிலிருந்து முழுக் கல்லாகத் தொடங்கி, இரு பக்கக் கீற்றுகளையும் அங்கே தள்ளிவிடலாம். அப்போது 44 போதும். உடைவுக்கு இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். வாங்கும் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி, 'எங்கிருந்து தொடங்குவீர்கள்?' என்பதுதான்.

கே: பரப்பளவோடு 10 சதவீதம் சேர்த்தால் சரியாக இருக்கும் என்கிறார்களே?

ப: பெரிய கூடத்தில் சிறிய கல் என்றால் இருக்கும். குறுகிய இடத்தில் பெரிய கல் என்றால் காலை வாரிவிடும். ஐந்தடி அகல நடைபாதையில் 600 மி.மீ. கல் பதியுங்கள்: இரண்டு முழுக் கல், பிறகு 320 மி.மீ. துண்டு. அங்கும் மிச்சத் துண்டு அடுத்த வரிசைக்கு உதவாது. 1,524 மி.மீ. அகலத்துக்கு 1,800 மி.மீ. கல் செலவாகிறது, சேதாரம் 18 சதவீதம்! குறுக்குவாட்டில், அதாவது மூலைவிட்டமாகப் பதிப்பதற்கு 15 சதவீதம் என்பது வழக்கமான கணக்கு. எதுவானாலும் தாளில் கட்டம் போட்டு எண்ணிவிடுங்கள், பத்து நிமிட வேலை.

கே: ஸ்கர்டிங்குக்கு, அதாவது சுவரின் அடியில் ஓடும் பட்டைக்கு, தனியாக வாங்க வேண்டுமா?

ப: முதல் கேள்வியின் அறையையே எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 52 அடி, வாசலுக்கு 3 அடி போக 49. அதற்கு 600 மி.மீ. நீளத் துண்டுகள் 25 வேண்டும். ஒரு கல்லிலிருந்து ஆறு துண்டு வெட்டலாம். பிளேடு தின்பது போக உயரம் 97 மி.மீ. கிடைக்கும். அப்படியானால் ஐந்து கல்.

ஆனால் 56 கல் போட்டவருக்கு ஓரங்களில் 270 மி.மீ.க்கு மேல் அகலமான மிச்சத் துண்டுகள் 22 கிடந்திருக்கும். ஒவ்வொன்றிலும் 100 மி.மீ. துண்டு இரண்டு வரும், மொத்தம் 44. ஒரு கல்கூட வாங்க வேண்டாம். வேலை தொடங்கும்போதே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் அவை இடிபாட்டோடு போய்விடும். வெட்டிய விளிம்பு கீழே, ஆலை விளிம்பு மேலே வரட்டும். இரண்டு பக்கமும் வெட்டிய துண்டென்றால் மேல் விளிம்பைத் தேய்க்கச் சொல்லுங்கள்.

கே: வரைபட அளவை வைத்துக் கணக்கிடலாமா?

ப: வேண்டாம். வரைபடத்தில் பெரும்பாலும் பூசாத சுவரின் அளவே இருக்கும். பூச்சு முடிந்தபின், இரு முனையிலும் நடுவிலும் அளந்து பெரிய அளவை எடுங்கள்.

கே: குறைந்தால் பிறகு வாங்கிக்கொள்ளலாமே?

ப: அதே பெயர், அதே எண், ஆனால் பேட்ச், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதி, மாறினால் நிறமும் அளவும் இலேசாக மாறும். நடுத்தரையில் அது பளிச்சென்று தெரியும். எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண் ஒன்றுதானா என்று இறக்கும்போதே பாருங்கள். முழுப் பெட்டி ஒன்றைப் பரணில் போட்டுவையுங்கள்.