பழைய மொசைக் தரையின் மேல் பளிங்கு: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் வீடு 1980களில் கட்டப்பட்டது. முதல் மாடியில் 12 அடிக்கு 14 அடி அளவுள்ள கூடத்தில் மொசைக் தரை இருக்கிறது. அதன்மேல் ஓரடிச் சதுர வெள்ளை மார்பிள் டைல்ஸ் பதிக்க விரும்புகிறோம். பழைய தரையைக் கொத்தாமல் கலவை கொட்டிப் பதித்துவிடலாம் என்கிறார் மேஸ்திரி. கொத்தித்தான் ஆக வேண்டும் என்கிறார் என் மைத்துனர். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: கொத்த வேண்டாம் என்பதில் மேஸ்திரியோடு உடன்படுகிறேன், கலவை கொட்டலாம் என்பதில் உடன்படவில்லை. உங்கள் கூடம் 168 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 15.6 சதுர மீட்டர். 10 மி.மீ. கனமுள்ள பளிங்கு, சதுர மீட்டருக்கு 27 கிலோ அளவில் எடையுள்ளது என்பதால், கற்கள் மட்டுமே சுமார் 420 கிலோ ஆகிவிடும். அடியில் ஒன்றரை அங்குலக் கலவையும் போட்டால் மேலும் 1,200 கிலோ அளவுக்குச் சேரும். நாற்பது ஆண்டு கடந்த மாடித் தளத்தின் மேல் இந்தச் சுமையை ஏற்றுவானேன்? டைல்ஸ் ஒட்டும் பசையைப் பயன்படுத்தினால் 5 மி.மீ. கனமே போதும், தரை முக்கால் அங்குலத்துக்குள்தான் உயரும், கதவுகளின் அடியைச் சற்று இழைத்துவிட்டால் தீர்ந்தது. ஆனால் கீழ்த்தள அறையின் கூரையில் துருக்கறையோ, காரை உதிர்ந்து கம்பி தெரிவதோ இருக்குமானால், ஒரு பொறியாளரிடம் காட்டும் வரை எந்தக் கல்லையும் ஏற்ற வேண்டாம்.

பழைய தரை அப்படியே இருக்கலாம் என்றேனே தவிர, அதன் மெருகு இருக்கக் கூடாது. ஆண்டுக்கணக்கில் பூசிய மெழுகும் எண்ணெய்ப் பிசுக்கும் பசையைப் பிடிக்க விடா. முதலில் ஒரு மரக்கட்டையால் தரை முழுவதையும் தட்டிப் பார்த்து, பொக்கென்று ஒலிக்கும் இடங்களை மட்டும் பெயர்த்துப் புதிதாகப் பூச வேண்டும். பிறகு பாலீஷ் எந்திரத்தில் கரடான கல்லை மாட்டி மேற்பரப்பைத் தேய்த்துக் கழுவி உலரவிட வேண்டும். ஒரு துளி நீரை விட்டால் அது முத்துப்போல் நிற்காமல் பரவி ஊறினால், தரை தயாராகிவிட்டது என்று கொள்ளலாம். பள்ளம் மேடு இருப்பின் அதையும் இப்போதே சரிசெய்ய வேண்டும். பசையைத் தடிமனாகப் போட்டு மட்டம் பிடிக்கும் வழக்கம் நல்லதன்று.

பளிங்கு என்பது வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய சுண்ணாம்புக்கல். அதற்கு நுண்துளைகள் உண்டு; வெள்ளைப் பளிங்கில் ஒளியும் சற்று ஊடுருவும். ஆகவே அடியில் சாம்பல் நிறச் சிமென்ட் இருந்தால் மேலே கல் மங்கித் தெரியும். கல்லின் முதுகில் மார்க்கர் பேனாவால் எண் எழுதினால்கூட அது சில மாதங்களில் மேலே கசிந்து வரக்கூடும். எனவே வெள்ளை நிறப் பசையையே கேட்டு வாங்குங்கள், பையில் ஐ.எஸ். 15477 என்ற தரக் குறியும், இயற்கைக் கல்லுக்கும் பழைய தரையின் மேல் பதிப்பதற்கும் உகந்தது என்ற குறிப்பும் இருக்க வேண்டும்.

168 கற்கள் தேவைப்படும் இடத்தில் 185 வாங்குவது சரியான அளவு. எல்லாப் பெட்டிகளையும் திறந்து, கற்களைக் கலந்து, பசையில்லாமல் தரையில் பரப்பிப் பாருங்கள். நரம்புகள் ஓடும் திசையும் நிற வேறுபாடும் அப்போதுதான் கண்ணில் படும். இந்த அரை நாளைத் தண்டச் செலவு என்று எண்ணும் வேலையாட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், விட்டுக்கொடுக்காதீர்கள். நூலடிக்கும்போது ஒரு கோட்டில் 6 அடியும் அதற்குக் குறுக்குக் கோட்டில் 8 அடியும் குறித்து, அவற்றின் முனைகளுக்கிடையே சரியாக 10 அடி வருகிறதா என்று அளந்தால் மூலைமட்டம் தெரிந்துவிடும். பல் வைத்த கரண்டியால் பசையை ஒரே திசையில் இழுத்து, கல்லின் முதுகிலும் மெல்லப் பூசி, ரப்பர் சுத்தியலால் தட்டிப் பதிக்க வேண்டும். இடையிடையே பதித்த கல் ஒன்றை உடனே பெயர்த்து, முதுகு முழுவதும் பசை பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். கற்களுக்கிடையே 2 மி.மீ. இடைவெளியும், ஸ்கர்டிங் (சுவரின் அடியில் ஒட்டும் பட்டை) மறைத்துவிடும் சுவரோரத்தில் 5 மி.மீ. இடைவெளியும் விடுங்கள்.

கேள்வி: மார்பிள் பதித்து மூன்று வாரமாகிறது. பல கற்களில் நான்கு மூலையிலும் நடுவிலும் கருமையான வட்டங்கள் தெரிகின்றன. காய்ந்தால் போய்விடும் என்கிறார் கொத்தனார். ஆசிட் ஊற்றிக் கழுவலாமா?
– வாசகி, மதுரை

பதில்: ஆசிட் பாட்டிலை முதலில் வீட்டைவிட்டு வெளியே அனுப்புங்கள். சிமென்ட் கறையைப் போக்க அதை ஊற்றுவது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. ஆனால் பளிங்கின் கால்சியம் கார்பனேட்டோ அமிலம் பட்டதும் நுரைத்துக் கரையும், மெருகு போய்விடும். தாஜ்மகாலுக்குப் பயன்பட்ட மக்ரானாக் கல்லுக்கும் இதே கதிதான்.

ஈரம்தான் காரணமென்றால் கல் முழுவதும் ஒழுங்கற்றுத் திட்டுத்திட்டாக இருக்கும். நான்கு மூலையும் நடுவும் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், பசையை ஐந்து உருண்டையாக வைத்துக் கல்லை அமுக்கியிருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. உருண்டைகளுக்கு இடையே உள்ள பகுதியைத் தட்டினால் பொக்கென்று ஒலிக்கும். அப்படி ஒலித்தால் அந்தக் கற்களைப் பெயர்த்து மறுபடி பதிப்பதைத் தவிர வழியில்லை. இல்லையேல் கனமான பொருள் விழும் நாளில் அங்கேதான் உடையும். ஒலி திடமாக இருந்தால் ஒரு சதுர அடி பாலிதீன் தாளின் நான்கு ஓரங்களையும் டேப்பால் தரையில் ஒட்டி மறுநாள் பாருங்கள். அடியில் நீர் கோத்திருந்தால் கொத்தனார் சொல்வதில் உண்மையிருக்கிறது. இப்படி நீர் கோப்பது நிற்கும் வரை பாலீஷோ, கல்லின் துளைகளை அடைக்கும் சீலரோ போடாமல் காத்திருங்கள்.

கேள்வி: சமையலறை மேடைக்கும் மிச்சமுள்ள வெள்ளை மார்பிளையே போடலாமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: வேண்டாம். புளி, எலுமிச்சை, தக்காளி எதுவும் அதற்கு ஆகாது. மஞ்சள் கறையும் எளிதில் விடாது. 1 முதல் 10 வரை செல்லும் மோ அளவுகோலில் பளிங்கின் கடினம் 3, கிரானைட்டினுடையது 6 முதல் 7 வரை; கத்தியும் பாத்திரமும் புழங்கும் மேடைக்குக் கிரானைட்டே தகும். மிச்சமுள்ள கற்களைப் பூஜையறையில் பதியுங்கள். எண்ணெய் ஊறாமலிருக்க விளக்கின் அடியில் ஒரு பித்தளைத் தட்டு வைத்துவிடுங்கள்.