பெரிய நாடுகளோட பலம் மாறும்போது ஒரு சின்ன நாட்டு டிப்ளமாட் எப்படி யோசிப்பாரு?

அமெரிக்கா, சீனா போட்டில சின்ன நாடுகள் யார் பக்கம் நிக்கணும்னு கேட்டிருந்தீங்க. டிப்ளமாட்டுங்க இத வேற மாதிரி பாப்பாங்க, யார் பக்கம்னு இல்ல, எந்த விதி பக்கம்னு. படை பலம் இல்லாத நாட்டுக்கு சர்வதேச சட்டம்தான் வேலி.

சிங்கப்பூர எடுத்துக்கோங்க. 1978 கடைசில வியட்நாம் கம்போடியாக்குள்ள நுழைஞ்சப்போ ஐநால கடுமையா எதிர்த்தாங்க, சரி அது பக்கத்துல நடந்த விஷயம், ஆனா 1983ல அமெரிக்கா கிரெனடாங்கற கரீபியன் தீவு நாட்டுக்குள்ள படையோட போனப்போ, அவ்ளோ நல்ல உறவு இருந்தும் பொதுச்சபைல அத கண்டிச்ச தீர்மானத்துக்கு ஆதரவா ஓட்டு போட்டாங்க. 2022ல ரஷ்யா மேல தடையும் போட்டாங்க. மூணுலயும் ஒரே வாதம்தான், இன்னைக்கு இத விட்டா நாளைக்கு நம்ம கதி என்ன?

இன்னொரு பலம் எண்ணிக்கை. பொதுச்சபைல 193 நாட்டுக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். வனுவாட்டு எவ்ளோ குட்டி நாடு, அவங்க முன்னெடுத்த தீர்மானம்தான் 2023 மார்ச்ல நிறைவேறி, காலநிலை விஷயத்துல நாடுகளுக்கு சட்டக் கடமை இருக்குன்னு 2025 ஜூலைல சர்வதேச நீதிமன்றத்தையே சொல்ல வச்சுது. அது எனக்கு ரொம்ப பெரிய விஷயமா படுது.

பாதுகாப்பு சபைல மட்டும் இது எடுபடாது, அங்க அஞ்சு நிரந்தர நாடுகளுக்கு வீட்டோ இருக்கு, அதாவது ஒரு நாடு மட்டும் எதிர்த்தாலே தீர்மானத்த தடுத்துடலாம். அதோட ஆள் பஞ்சம் வேற. பொதுச்சபைக்கு மட்டும் 6 முக்கிய கமிட்டி, ஒரு குட்டி நாட்டோட ஐநா மிஷன்ல (தூதரகம் மாதிரியான அலுவலகம்) இருக்கற நாலஞ்சு பேர் ஒரே நாள்ல எல்லாத்துலயும் உக்கார முடியாது. அதான் கூட்டா சேர்ந்து வேலைய பிரிச்சுக்கறாங்க, 1992ல சிங்கப்பூர் முயற்சில வந்த சிறு நாடுகள் மன்றத்துல இன்னைக்கு 100க்கு மேல நாடுகள் இருக்கு.