பூஸ்டர் எத்தனை இன்ச் என்று கேட்பதற்கு முன்னால்…

கேள்வி: தாத்தா காலத்து 1951 மாடல் செவர்லே பிக்கப் ஒன்று ராயபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. ஒரு காலத்தில் காசிமேட்டிலிருந்து மீன் பெட்டி ஏற்றிய வண்டி. அதே பழைய ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின்தான், நன்றாக ஓடுகிறது. முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட அமெரிக்காவிலிருந்து கிட் வரவழைக்க இருக்கிறேன். பவர் பிரேக் பூஸ்டரில் 7 இன்ச், 8 இன்ச் டபுள் டயாபிரம், 9 இன்ச், 11 இன்ச் என்று வரிசையாக இருக்கிறது. மெக்கானிக் ‘பெருசாவே போட்டுடலாம் சார்’ என்கிறார். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் 7 இன்ச் போதும் என்கிறார். எதை வாங்குவது?
– வாசகர், ராயபுரம்

பதில்: உங்கள் இன்ஜின் எவ்வளவு வேக்யூம் (காற்றை உறிஞ்சுவதால் உண்டாகும் வெற்றிடம்) தருகிறது என்று இருவருமே கேட்கவில்லை. அதைக் கேட்காமல் பூஸ்டர் அளவு சொல்பவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

பூஸ்டர் என்பது மிதிக்கும் காலுக்கு உதவியாகத் தள்ளும் வட்டமான சட்டி. அதற்குச் சொந்த பலம் கிடையாது. உள்ளே டயாபிரம் என்ற ரப்பர் சவ்வு இருக்கிறது. அதன் இரண்டு பக்கமும் இன்ஜினுக்குள் காற்று போகும் குழாயான மேனிஃபோல்ட் காற்றை உறிஞ்சி வைத்திருக்கும். நீங்கள் பெடலை மிதித்ததும் பின்பக்கம் மட்டும் ஒரு வால்வு திறந்து வெளிக்காற்று உள்ளே பாயும். முன்பக்கம் வெற்றிடம், பின்பக்கம் காற்றழுத்தம். அந்த வித்தியாசம்தான் பிரேக் ஆயிலை அழுத்திச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரின் ராடைத் தள்ளுகிறது. வித்தியாசம் குறைந்தால் பெரிய பூஸ்டரும் வெறும் தகர டப்பாதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐடிலிங்கில் 18 இன்ச் வேக்யூம் (இது பாதரச இன்ச்; பூஸ்டரின் குறுக்களவு இன்ச் வேறு) இருந்தால், ஒரு சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 8.8 பவுண்டு அழுத்தம் கிடைக்கும். 7 இன்ச் டயாபிரத்தின் பரப்பு 38.5 சதுர அங்குலம். அதில் சுமார் 340 பவுண்டு, அதாவது 154 கிலோ தள்ளுவிசை. 9 இன்ச்சில் பரப்பு 63.6, அதே வேக்யூமில் 255 கிலோ. இரண்டே இன்ச் வித்தியாசத்தில் விசை ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விடுகிறது. மெக்கானிக் ‘பெருசா’ என்பதில் இந்த அளவுக்கு நியாயம் உண்டு. ஆனால் இன்ஜின் தேய்ந்து வேக்யூம் 12 இன்ச்சுக்கு இறங்கிவிட்டால் அதே 9 இன்ச் பூஸ்டர் தருவது 170 கிலோதான். நல்ல இன்ஜினில் மாட்டிய 7 இன்ச்சை விட லேசாகத்தான் அதிகம். இவையெல்லாம் காகிதக் கணக்கு. நடுவில் ராடு, ஸ்பிரிங் எல்லாம் இருப்பதால் நிஜத்தில் எல்லாமே இன்னும் குறையும்.

எனவே முதல் செலவு ஒரு வேக்யூம் கேஜ். மேனிஃபோல்டில் மாட்டி, இன்ஜின் சூடேறிய பிறகு ஐடிலிங்கில் பாருங்கள். முள் ஆடாமல் 17, 18-க்கு மேல் நின்றால் கவலை இல்லை. ஆடினால் வால்வு, கார்புரேட்டர், கேஸ்கெட் என்று ஏதோ ஒன்று சரியில்லை. அதைச் சரிசெய்யாமல் பூஸ்டர் வாங்குவது வீண். இன்னொன்று: அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் வைப்பரும் வேக்யூமில்தான் ஓடும். உங்கள் வண்டியிலும் அப்படி இருந்தால் அந்தக் குழாயிலிருந்து பூஸ்டருக்குக் கிளை எடுக்கவே வேண்டாம். மழையில் வைப்பரும் பிரேக்கும் ஒரே குழாய்க்குச் சண்டை போடும். மேனிஃபோல்டிலிருந்து தனி லைன், வேக்யூமுக்கென்றே செய்த தடித்த ஹோஸ், பூஸ்டர் வாயில் காற்றை ஒரே பக்கம் மட்டும் விடும் செக் வால்வு – மூன்றும் கட்டாயம். பெட்ரோல் ஹோஸைப் போட்டால் சூட்டில் தளர்ந்து, உறிஞ்சும்போது சப்பிப் போகும்.

அடுத்து பெடல். மெக்கானிக்குகள் அநேகமாக இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். பூஸ்டர் இல்லாத வண்டியில் காலுக்கு உதவ பெடலின் நெம்பு விகிதத்தை 6-க்கு 1 என்ற அளவில் வைத்திருப்பார்கள். பூஸ்டர் உள்ள வண்டிக்கு 4 அல்லது 4.5-க்கு 1 போதும். பெடல் எந்த ஊசியில் (பிவட் பின்) ஆடுகிறதோ அந்தப் பின்னிலிருந்து கால் வைக்கும் பட்டையின் நடுப்புள்ளி வரை ஒரு அளவு, அதே பின்னிலிருந்து புஷ்ராடு துளை வரை ஒரு அளவு. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் விகிதம் வந்துவிடும். 12 இன்ச், 2 இன்ச் என்றால் 6. அந்தப் பெடலோடு பெரிய பூஸ்டரும் சேர்ந்தால் கால் பட்டதுமே சக்கரம் பூட்டிக்கொள்ளும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் பின்னால் கன்டெய்னர் டிரெய்லர் வந்துகொண்டிருக்கும்போது அப்படி ஒரு பிரேக் வேண்டுமா என்று நீங்களே யோசியுங்கள். நல்ல கிட்டில் பெடல் விகிதத்தையும் மாற்றும் பிராக்கெட் வரும். வருகிறதா என்று ஆர்டர் போடும் முன் கேட்டு எழுதி வாங்குங்கள்.

மூன்றாவது, இடம். உங்கள் மாடலில் பெடல் தரையைத் துளைத்துக்கொண்டு கீழே போகிறது. மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில் சேஸிஸ் பக்கமாக இருக்கிறது. பூஸ்டரும் அங்கேதான் உட்கார வேண்டும். 11 இன்ச் சட்டி அங்கே நுழையாது. நுழைந்தாலும் தொங்கிக்கொண்டு ஸ்பீடு பிரேக்கரில் இடிக்கும். இந்த இடப் பிரச்சினைக்காகத்தான் டபுள் டயாபிரம் செய்தார்கள்: வட்டம் சிறியது, உள்ளே இரண்டு டயாபிரம், தள்ளுவது ஏறக்குறைய இரட்டிப்பு.

வேக்யூம் சரியாக இருந்தால் என் ஓட்டு 8 இன்ச் டபுளுக்கு. இடம் இடித்தால் 7 இன்ச் டபுள். 7 இன்ச் சிங்கிள் டிரம் பிரேக்குக்குத் தாங்கும், டிஸ்க்குக்குப் பத்தாது. டிரம்மில் உள்ளிருந்து உரசும் ஷூ சுழலும் திசையிலேயே இழுபட்டுத் தானாக இறுகும். டிஸ்க்கில் அந்த வசதி இல்லை, அமுக்கினால் அமுக்கின அளவுதான் பிடிக்கும். டிஸ்க் போட்ட பிறகு பெடல் கல் மாதிரி இருக்கிறது என்று பலர் புலம்புவது இதனால்தான்.

நம்ம ஏரியாவுக்கென்று ஒரு எச்சரிக்கையும் உண்டு. தரைக்கு அடியில் இருக்கும் பூஸ்டர் பெடல் பக்கம்தான் காற்றை இழுக்கிறது. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும்போது வண்டியை இறக்கி, நடுவில் பிரேக்கை மிதித்தால் காற்றுக்குப் பதில் சாக்கடைத் தண்ணீர் உள்ளே போகும். மழைக்காலத்தில் சுற்றிப் போய்விடுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய மகிந்திரா ஜீப். ஒரிஜினல் பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு டீசல் இன்ஜின் வைத்து வருஷக்கணக்காகிறது. புதுப்பேட்டையில் செகண்ட் ஹேண்ட் பூஸ்டர் வாங்கி, இன்டேக் மேனிஃபோல்டில் ஹோஸ் கொடுத்து மாட்டினோம். முன்னால் டிஸ்க்கும் போட்டாயிற்று. பெடல் முன்பைவிட இறுக்கமாகிவிட்டது. பூஸ்டர் கெட்டுப்போனதா? பெரிய வேக்யூம் டேங்க் வைத்தால் சரியாகுமா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: பூஸ்டர் பாவம், அதன் மேல் இப்போதைக்குக் குற்றம் சொல்ல முடியாது. பெட்ரோல் இன்ஜினில் த்ராட்டில் தகடு காற்று வழியை அடைப்பதால்தான் மேனிஃபோல்டில் வேக்யூம் உண்டாகிறது. டீசலில் காற்று தடையின்றிப் போகிறது. டீசல் அளவை மட்டுமே கூட்டிக் குறைக்கிறோம். ஆக, நீங்கள் ஹோஸ் கொடுத்த இடத்தில் பூஸ்டருக்கு ஆகிற வேக்யூமே கிடையாது.

டீசல் ஜீப்களில் மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரின் பின்பக்கமே வேக்யூம் பம்ப் சேர்ந்து வருவது இதற்காகத்தான். இன்ஜின் மாற்றியபோது சாதா ஆல்டர்னேட்டர் போட்டுவிட்டார்களா என்று பாருங்கள். பம்ப் உள்ள ஆல்டர்னேட்டர் வாங்கும்போது அதற்கு இன்ஜின் ஆயில் போகும் லைன், திரும்பி வரும் லைன் இரண்டும் சரியாக இருக்க வேண்டும். ஆயில் போகாத பம்ப் சீக்கிரமே தேய்ந்துபோகும்.

டேங்க் வேக்யூமைச் சேமிக்கும், உண்டாக்காது. வீட்டில் பெரிய டிரம் வைத்தால் மெட்ரோ வாட்டர் அதிகம் வருமா என்ன? இன்ஜின் அணைந்துபோனால் இரண்டு மூன்று மிதிக்குக் கைகொடுக்கும், அவ்வளவுதான். மின்சாரத்தில் ஓடும் வேக்யூம் பம்ப்பும் கிடைக்கிறது. அது 12 வோல்ட் சமாச்சாரம். மேலே கேட்ட ராயபுரம் வாசகர் இதை நினைத்தால், 1951 செவர்லே 6 வோல்ட் வண்டி என்பதை மறக்க வேண்டாம்.

பம்ப் மாட்டிய பிறகு ஒரு சோதனை. இன்ஜினை அணைத்து, பெடல் இறுகும்வரை நாலைந்து முறை மிதியுங்கள். காலை அழுத்தி வைத்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்கவே இல்லையென்றால் முதலில் ஹோஸையும் செக் வால்வையும் பாருங்கள். அவை சரியாக இருந்தால்தான் பூஸ்டரைச் சந்தேகப்படலாம்.

செகண்ட் ஹேண்ட் பூஸ்டர் பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடித்துப் பளபளவென்று வைத்திருப்பார்கள். உள்ளே ரப்பர் என்ன கதியில் இருக்கிறது என்று பெயின்ட் சொல்லாது. வாங்கியே ஆக வேண்டுமென்றால், மாஸ்டர் சிலிண்டர் உட்காரும் வாயில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். ஈரமும் பிசுபிசுப்பும் இருந்தால் பழைய மாஸ்டர் சிலிண்டர் பின்பக்கம் ஒழுகி பிரேக் ஆயில் உள்ளே போயிருக்கிறது. அந்தப் பூஸ்டரை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். காய்ந்திருந்தால் கையால் அடிக்கும் வேக்யூம் பம்ப்பில் 18 இன்ச் ஏற்றி, சில நிமிடம் முள் இறங்காமல் நிற்கிறதா பாருங்கள். கடைக்காரர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் காரணம் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கேள்வி: டிஸ்க் மாற்றினாலும் பழைய மாஸ்டர் சிலிண்டரையே வைத்துக்கொள்ளலாமா? ஒழுகவில்லை, நன்றாகத்தான் இருக்கிறது.
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: கூடாது. டிரம் மாஸ்டரில் லைனுக்குள் சதுர அங்குலத்துக்குச் சுமார் 10 பவுண்டு அழுத்தத்தைத் தேக்கும் வால்வு இருப்பது வழக்கம். டிஸ்க்கில் அந்த அழுத்தம் தட்டைப் பிடிக்கும் பேடை விடாமல் உரசவைத்து வீலைச் சூடாக்கிவிடும். டிஸ்க் லைனுக்கு 2 பவுண்டு வால்வுதான் பொருந்தும்; அதுவும் மாஸ்டர் தரைக்கு அடியில், பேடை அமுக்கும் கேலிப்பரை விடக் கீழே இருக்கும் வண்டிகளுக்கு. தவிர, பழைய மாஸ்டர் ஒற்றை சர்க்யூட்: எங்கே ஒரு பைப் விட்டாலும் நாலு சக்கரமும் போச்சு. முன் பின் தனித்தனியாக வேலை செய்யும் டேண்டம் மாஸ்டர் வாங்குங்கள். பூஸ்டரோடு சேர்த்து 1 இன்ச் போர் (சிலிண்டரின் உள் குறுக்களவு) என்பது பொதுவான அளவு. பின் டிரம்முக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வும் வேண்டும். இல்லாவிட்டால் சடன் பிரேக்கில் பின் சக்கரம் முதலில் பூட்டி வண்டி பக்கவாட்டில் திரும்பும். பூஸ்டர் ராடுக்கும் மாஸ்டர் பிஸ்டனுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொல்லுங்கள். ஒட்டிக்கொண்டு இருந்தால் போகப் போக பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: பிராட்வே பக்கம் ஒரு கடையில் பூஸ்டர் வாங்கினேன். மாட்டிய அன்றே உஸ்ஸென்று காற்று போகிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறது என்று காட்டுகிறார் கடைக்காரர்.
– வாசகர், பெரம்பூர்

பதில்: அவர் அச்சடித்தால் அது சட்டமாகிவிடாது. பழுதான பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். காற்றுச் சத்தம் கேட்கும்படி ஒரு வீடியோ எடுத்து, பில் படத்தோடு வாட்ஸாப்பில் கடைக்கு அனுப்புங்கள். மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள். அதற்கும் மேலே சென்னை (வடக்கு) மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

ஆனால் பூஸ்டர் நன்றாக இருந்து, உங்கள் வண்டிக்குப் பொருந்தவில்லை என்றால் கதை வேறு. அது பழுது ஆகாது. அதனால் வாங்கும்போதே வண்டி மாடல், இன்ஜின் பெட்ரோலா டீசலா, பூஸ்டர் அளவு மூன்றையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். பின்னால் ‘நீங்க கேட்டதைத்தானே கொடுத்தேன்’ என்று அவர் சொல்ல முடியாது. பில் இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்றால் அந்தக் குறைப்பு உங்களுக்கு நஷ்டக் கணக்கு.

கேள்வி: டிஸ்க் மாற்றினால் பழைய வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்வதில் சிக்கல் வருமா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: வரலாம். 2021-இல் வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டி, ஒரிஜினல் வடிவத்தில், சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இல்லாமல் இருக்க வேண்டும். பூஸ்டர் பிராக்கெட்டுக்காக சேஸிஸில் வெல்டிங் அடித்தால் அதுவே பேச்சுக்கு இடம் கொடுக்கும். ஏற்கெனவே உள்ள துளைகளில் போல்ட் போட்டு மாட்டும் பிராக்கெட்டாகத் தேடுங்கள், வேலை தொடங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுங்கள். கழற்றிய டிரம், பேக் பிளேட், பழைய மாஸ்டர் எல்லாவற்றையும் கிரீஸ் தடவி, பாலித்தீனில் சுற்றி வையுங்கள். நம்ம பக்கத்து உப்புக்காற்றில் சும்மா போட்டு வைத்தால் ஒரு மழைக்காலம் தாங்காது. வேலை முடிந்ததும் ‘சார், இதை இரும்புக் கடையில போட்டுடவா’ என்று மெக்கானிக் கேட்பார். கொடுத்துவிடாதீர்கள்; அந்த வருஷத்து டிரம் மறுபடி தேடினால் கிடைப்பது குதிரைக் கொம்பு.