கார் சார்ஜ் ஏறவில்லையா? முதலில் வீட்டு எர்த்தைப் பாருங்கள்

மின்சார கார் வாங்கிய நம் ஊர்க்காரர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று: சார்ஜ் ஏறவில்லை என்றதும் சர்வீஸ் சென்டருக்கு ஓடாதீர்கள். அதே சார்ஜரை எடுத்துக்கொண்டு உறவினர் வீட்டுக்குப் போய் மாட்டிப் பாருங்கள். அங்கே ஏறினால் காரிலும் சார்ஜரிலும் பழுதில்லை, உங்கள் வீட்டு வயரிங்கைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி (காட்பாடி): சார், வீட்டு 15 ஆம்ப் சாக்கெட்டில் மாட்டினால் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிகிறது. அதே சாக்கெட்டில் ஏ.சி. நன்றாக ஓடுகிறது. ஷோரூமில் கார் சார்ஜ் ஏறுகிறது. என்ன செய்வது?

பதில்: பேஸும் (மின்சாரம் வரும் வயர்) நியூட்ரலும் (அது திரும்பும் வயர்) இருந்தால் போதும், ஏ.சி. ஓடிவிடும். கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் வயர் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. கார் சார்ஜர் பார்க்கும். நனைந்த காரைத் தொடும் குழந்தைக்கு ஷாக் அடித்துவிடக் கூடாதே! எர்த் சரியில்லை என்றால் பெரும்பாலான சார்ஜர்கள் காருக்குள் மின்சாரத்தை விடவே விடாது.

எலெக்ட்ரீஷியனை மல்டிமீட்டரோடு வரச் சொல்லுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவேயும் ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. பத்து, இருபது என்று ஏறினால் எர்த் பலவீனம். சாக்கெட்டை நேராகப் பார்க்கும்போது பேஸ் வலது துளையில் இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். மாறியிருந்தால் சில சார்ஜர்கள் ஏற்காது.

நம் பக்கத்து வெயிலில் எர்த் குழி காய்ந்து போவது சாதாரணம். சத்துவாச்சாரியில் ஒரு வீட்டில் அக்னி நட்சத்திர நேரத்தில் இதே சிவப்பு விளக்கு. குழியில் நான்கு குடம் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் காத்திருந்தோம், பச்சை எரிந்தது. ஆனால் அது நாலு நாள் வைத்தியம். குழியை ஆழமாக்கி, கரியும் உப்பும் போட்டு, புதிய பைப் இறக்குவதுதான் நிரந்தரத் தீர்வு.

ஒன்றை மட்டும் செய்யவே விடாதீர்கள். சிலர் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, "பாருங்க, சரியாயிடுச்சு" என்பார்கள். சார்ஜர் ஏமாந்துபோகும். பின்னால் எங்காவது நியூட்ரல் அறுந்தால் கார் உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறி நிற்கும். உயிர் போகிற விஷயம் இது.

கேள்வி (குடியாத்தம் பக்கத்துக் கிராமம்): அண்ணே, மாலை ஏழு மணிக்குப் போட்டால் நின்று நின்று ஏறுகிறது. நடு ராத்திரியில் ஒழுங்காக ஏறுகிறது.

பதில்: லோ வோல்டேஜ்தான் தம்பி. ஆனால் குறை யாருடையது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கார் சார்ஜ் ஆகும்போது மீட்டர் பெட்டியிலும் சாக்கெட்டிலும் வோல்டேஜ் அளக்கச் சொல்லுங்கள். மீட்டரிலேயே 180க்கு இறங்கினால் வெளி லைன் பிரச்சினை. மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். மீட்டரில் 220, சாக்கெட்டில் 195 என்றால் உங்கள் வீட்டு வயர் மெலிசு. இரண்டும் சரியாகும்வரை இரவு பதினொன்றுக்கு மேல் போடுங்கள். ஆம்ப் குறைக்கும் வசதி உங்கள் காரில் இருந்தால் குறைத்து வையுங்கள். மெதுவாக ஏறினாலும் நிற்காமல் ஏறும்.

கேள்வி (ஆம்பூர்): ப்ளக் முனை பழுப்பாகிவிட்டது, லேசாகக் கருகல் வாசனை. தொடர்ந்து பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம், இன்றே நிறுத்துங்கள். ஹீட்டர் பத்து நிமிடம் ஓடும். கார் எட்டு மணி நேரம் விடாமல் 15 ஆம்ப் இழுக்கும். லூஸான சாக்கெட் அதைத் தாங்காது. சாக்கெட்டையும் ப்ளக்கையும் சேர்த்து மாற்றுங்கள். மெயினிலிருந்து தனியாக 4 சதுர மி.மீ. செம்பு வயர், 20 ஆம்ப் எம்.சி.பி. (லோடு மீறினால் விழும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் விழும் சுவிட்ச்) போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது.

கேள்வி (வாலாஜா): சார், வீட்டில் நன்றாக ஏறுகிறது. சென்னை நெடுஞ்சாலையில் ஃபாஸ்ட் சார்ஜரில் மட்டும் "எரர்" என்று நின்றுவிடுகிறது. குழந்தைகளோடு போகும்போது பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படாதீர்கள்மா. வீட்டில் வருவது ஏ.சி. கரன்ட். அதை டி.சி.யாக மாற்றும் கருவி காருக்குள் இருக்கிறது. நெடுஞ்சாலை சார்ஜர் தானே மாற்றி நேராக பேட்டரிக்கு அனுப்புகிறது. இரண்டும் வேறு வேறு பாதை. அந்தச் சார்ஜரின் கன் (காரில் சொருகும் கைப்பிடி) கனமானது, தொங்கினால் பின்கள் சரியாகப் படாது. முதல் அரை நிமிடம் கையால் சற்றுத் தூக்கிப் பிடித்து, கன் பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்கும்வரை விடாதீர்கள். அடுத்த கன்னிலும் முயலுங்கள். வேறு வேறு நிலையங்களிலும் இதே எரர் என்றால்தான் சர்வீஸில் காட்ட வேண்டும். 30 சதவீதம் இருக்கும்போதே நிறுத்திப் போடுங்கள், அடுத்த நிலையம்வரை போகத் தெம்பிருக்கும்.

கேள்வி (ராணிப்பேட்டை): மூன்று வாரம் ஊரில் இல்லை. பேட்டரி 60 சதவீதம் வைத்துவிட்டுப் போனேன். இப்போது கதவும் திறக்கவில்லை, சார்ஜும் ஏறவில்லை.

பதில்: பெரிய பேட்டரியில் சார்ஜ் இருக்கும். சின்ன 12 வோல்ட் பேட்டரி இறங்கியிருக்கும். பெரிய பேட்டரியை இணைக்கும் சுவிட்சுக்கே அந்த 12 வோல்ட் வேண்டும். சாவிக்குள் இருக்கும் உலோகச் சாவியால் கதவைத் திறந்து, மெக்கானிக்கை வைத்து 12 வோல்ட் பேட்டரியை மட்டும் சார்ஜ் செய்யுங்கள். பெரிய பேட்டரியின் உயர் வோல்ட் ஓடும் ஆரஞ்சு நிற வயர்கள் பக்கம் யார் கையும் போகக் கூடாது.

கேள்வி (வேலூர்): எந்த எரரும் இல்லை, ராத்திரி மாட்டினால் காலையில் அப்படியே இருக்கிறது.

பதில்: திரையிலோ ஆப்பிலோ சார்ஜிங் டைமர் ஆன் ஆகியிருக்கும். பாருங்கள்.

கேள்வி (மறுபடியும் காட்பாடி): சார், அளந்தோம். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 40 வோல்ட். தண்ணீர் ஊற்றியதும் 4க்கு வந்து பச்சை எரிகிறது. இப்படியே விடலாமா?

பதில்: விடாதீர்கள். குழி காய்ந்தால் மறுபடி 40க்குப் போகும். இந்த வாரமே புது எர்த் போட்டுவிட்டு, தண்ணீர் ஊற்றாமல் ஒரு வாரம் கழித்து அளந்து எனக்குச் சொல்லுங்கள்.