இடுப்பு முறிந்து ஒப்பரேஷன் முடிந்த அம்மாவை எப்போது நடக்க விடலாம்?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். அவருடைய 67 வயது அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடது இடுப்பு முறிந்துவிட்டது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் ஒப்பரேஷன் செய்து, துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பி இன்றைக்கு 12 நாள். உள்ளே ‘கம்பி வைத்திருக்கிறார்கள்’ என்பது மட்டும்தான் வீட்டில் தெரியும். நடக்கப் பழக்கச் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் பார்க்க வருகிற சொந்தக்காரர் எல்லோரும் மூன்று மாதம் அசையக் கூடாது என்கிறார்கள். அம்மாவும் பயந்து கட்டிலோடு கிடக்கிறார். பிசியோதெரப்பிக்கு ஒவ்வொரு தடவையும் மட்டக்களப்புக்குத்தான் போக வேண்டுமா என்பது மகளின் இன்னொரு கேள்வி.

முதல் வேலையாக, அம்மாவை இன்றைக்கே எழுப்பிக் கதிரையில் இருத்துங்கள். அந்த ஒப்பரேஷன் செய்ததே அவர் எழும்ப வேண்டும் என்பதற்காகத்தான். சொந்தக்காரர் சொல்வது பொய்யில்லை, பழைய காலத்து வைத்தியம். அப்போது காலில் எடை கட்டித் தொங்கவிட்டு வாரக் கணக்காகப் படுக்க வைத்தார்கள். எலும்பு ஒருவாறு பொருந்தியது. ஆனால் நெஞ்சில் சளி கட்டியும், முதுகில் படுக்கைப் புண் வந்தும், காலில் இரத்தம் உறைந்தும் எத்தனையோ வயதானவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். இப்போது உலோகம் எலும்பைப் பிடித்துக்கொள்கிறது. பெரும்பாலானவர்களை ஒப்பரேஷன் முடிந்த மறுநாளே நிற்க வைக்கிறோம்.

எவ்வளவு பாரம் ஊன்றலாம் என்பதற்கு வீட்டுக்கு அனுப்பும்போது வைத்தியசாலையில் எழுதித் தந்த டயக்னோசிஸ் கார்டைப் பாருங்கள். ஆங்கிலத்தில் அவசரக் கையெழுத்தில் இருக்கும், பரவாயில்லை. எஃப்.டபிள்யூ.பி என்றிருந்தால் முழுப் பாரமும் ஊன்றலாம். பி.டபிள்யூ.பி என்றால் பாரத்தில் ஒரு பகுதி மட்டும். என்.டபிள்யூ.பி என்றால் அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது. ஒன்றும் எழுதியிருக்காவிட்டால் கிளினிக்கில் கேட்டு எழுதி வாங்குங்கள். அதுவரை இருத்துவதோடு நிறுத்துங்கள். நடை பழக்கும் வேலையை ஊகத்தில் தொடங்கக் கூடாது.

அதே கார்டில் என்ன ஒப்பரேஷன் என்றும் இருக்கும். டி.எச்.எஸ் என்றால் முறிந்த இடத்தைத் திருகாணியும் பிளேட்டும் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். ஹெமி ஆர்த்ரோபிளாஸ்டி என்றால் தொடையெலும்பின் பந்தையே எடுத்துவிட்டு உலோகப் பந்து வைத்திருக்கிறார்கள். இந்த வித்தியாசம் வீட்டில் முக்கியம். பந்து மாற்றியவர் கொஞ்ச மாதத்துக்குக் கால்மேல் கால் போடக் கூடாது, குந்தக் கூடாது, முழங்கால் இடுப்பை விட உயரும்படி தாழ்ந்த கதிரையில் இருக்கவும் கூடாது. பந்து கழன்றுவிடும். பிளேட் வைத்தவருக்கு அந்தப் பயம் இல்லை. ஆனாலும் தாழ்ந்த இடத்திலிருந்து எழும்புவது அவருக்கும் பெரும்பாடுதான்.

ஆகவே யாராக இருந்தாலும் கொமட் வேண்டும். குந்தும் கழிவறை மட்டும் உள்ள வீடென்றால், நடுவில் துளை போட்ட உறுதியான கதிரையை அதன்மேல் வையுங்கள். பிளாஸ்டிக் கதிரையை நம்பாதீர்கள், ஈரத் தரையில் அதன் கால் விரிந்துவிடும்.

வோக்கர் வாங்கிவிட்டீர்களா? அம்மாவை நிமிர்ந்து நிற்க வைத்து, கைகளைத் தொங்கவிடச் சொல்லுங்கள். மணிக்கட்டு வரும் உயரத்தில் வோக்கரின் பிடி இருக்க வேண்டும். நான் பார்க்கிற வோக்கர்களில் பாதி, கடையில் வாங்கிய உயரத்திலேயே இருக்கும். அம்மாமார் தோளை உயர்த்திக்கொண்டு நடந்து, ஒரு கிழமையில் கழுத்து நோ என்று வருவார்கள். நாலு காலிலும் உள்ள ரப்பரைத் திருப்பிப் பாருங்கள். வட்டம் வட்டமாக இருக்கும் வரி தேய்ந்து வழவழ என்று ஆகியிருந்தால் உடனே மாற்றுங்கள், விலை சொற்பம். நடக்கும்போது வோக்கர் முதலில், பிறகு நோவுள்ள கால், பிறகு நல்ல கால். நீங்கள் பின்னால் நோவுள்ள பக்கமாக நின்று இடுப்பில் பிடியுங்கள். கையைப் பிடித்து இழுக்க வேண்டாம்.

நோ மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணித்தியாலம் முன்பு கொடுங்கள். வலி அடங்கிய நேரத்தில் பயம் பாதியாகக் குறையும். படுத்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் மணிக்கொரு தடவை பத்துத் தரம் ஆட்டச் சொல்லுங்கள். முழங்காலுக்குக் கீழே சுருட்டிய துவாயை வைத்து, அதைக் கட்டிலோடு அமுக்கி ஐந்து எண்ணும் வரை வைத்திருக்கட்டும்.

இனி மட்டக்களப்புப் பயணம். சுமார் 130 கிலோமீற்றர் தூரம், வாகனத்தில் காலை மடக்கிக்கொண்டு போய் வருவது அம்மாவுக்கு நல்லதல்ல, உங்களுக்கும் கட்டாது. என் அபிப்பிராயம் இதுதான்: வெட்டியவர் பார்க்க வேண்டியதை அங்கே காட்டுங்கள், பழக வேண்டியதை இங்கே பழகுங்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிற கிளினிக் நாள்களுக்கு, வழக்கமாக ஆறாவது வாரத்தில் ஒன்று வரும், தவறாமல் போங்கள். கிழமைக்குக் கிழமை செய்கிற பிசியோதெரப்பியைத் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு மாற்றித் தரும்படி கிளினிக்கிலேயே கடிதம் கேளுங்கள். இலவசம்தான். கார்டின் பிரதியையும் எக்ஸ்ரே படத்தையும் கொண்டுபோங்கள். படம் இல்லாமல் போனால் இங்குள்ளவர் ஊகித்துத்தான் பயிற்சி கொடுக்க வேண்டியிருக்கும்.

போதனா வைத்தியசாலையில் ஒரே கதையை நாலு பேருக்குச் சொல்ல வேண்டி வந்ததா? அதில் குழப்பம் இல்லை. அங்கே கிழக்குப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களும் படிக்கிறார்கள். தீர்மானம் எடுப்பவர் நிபுணர் டொக்டர்தான். எத்தனை பாரம், அடுத்த எக்ஸ்ரே எப்போது, எலும்பு உறுதிக்கு மருந்து வேண்டுமா, இந்த மூன்றையும் அவர் முன்னால் கேட்டுக் கொப்பியில் எழுதுவியுங்கள்.

அந்த மூன்றாவது கேள்விதான் எனக்குப் பெரிய கவலை. நின்ற உயரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தால் எலும்பு ஏற்கெனவே தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு தடவை முறிந்தவருக்கு மறுபக்கமும் முறியும் வாய்ப்புக் கூட. கல்சியம், விற்றமின் டி தவிர அலெண்ட்ரோனேற் போன்ற மருந்து எழுதலாம். எழுதினால், வெறும் வயிற்றில் ஒரு முழுக் கிளாஸ் தண்ணீரோடு குடித்து, அரை மணித்தியாலம் படுக்காமல் இருக்க வேண்டும். சாப்பாட்டில் முட்டை, மீன், பருப்பு தினமும் சேரட்டும். புண் ஆற வேண்டும் என்று பத்தியம் வைத்து மெலிய விடாதீர்கள்.

கன்னியா வெந்நீரூற்றுக்குக் கூட்டிப் போகலாமா என்று இங்கே எல்லோரும் கேட்பார்கள், நீங்களும் யோசித்திருப்பீர்கள். சுடுநீர் தசைக்கு இதம், எலும்பைப் பொருத்தாது. தையல் பிரித்துப் புண் முழுதாகக் காய்ந்த பிறகு தடையில்லை. ஆனால் அந்த ஈரக் கல்லில் வோக்கரோடு நிற்பதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. தண்ணீரை வீட்டிலேயே சுட வைத்து, கதிரையில் இருத்தி ஊற்றுங்கள். முறிவு நெறிவு வைத்தியரிடம் எண்ணெய் பூசுவதென்றால் புண்ணைத் தொடாமல், அமுக்காமல் பூசட்டும். இழுத்துக் கட்டுப் போட விடாதீர்கள்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தால், புண்ணிலிருந்து சீழ் வந்தால், காய்ச்சல் வந்தால், அல்லது கால் திடீரெனக் குட்டையாகிப் பாதம் வெளியே திரும்பினால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு நோ வந்தாலோ உடனே 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள். அதற்கும் காசில்லை.

அம்மா கோணேசர் கோயிலுக்கு எப்போது போகலாம் என்று கேட்கிறாராம். வோக்கரை விட்டு ஊன்றுகோலுக்கு மாறி, வீட்டு வாசற்படியில் தடுமாறாமல் பத்து நாள் ஏறி இறங்கினால் கேட்கட்டும். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோவுள்ள கால் முதலில். கோயில் இருக்கிற கோட்டைக்குள் வாகனத்தில் போய், கூட்டமில்லாத ஒரு கிழமை நாள் காலையில், வெயில் ஏறும் முன் கூட்டிப் போங்கள்.