27 பேருக்கு ஒரே ஓவியம்: அட்வான்ஸ் கொடுக்கும் முன்

கேள்வி: மதுரைப் பக்கம் பழைய ஜமீன் குடும்பம் எங்களுடையது. தாத்தாவின் சதாபிஷேகத்துக்குள் 27 பேரையும் ஒரே ஆயில் பெயிண்டிங்காக வரைய ஆசை. பாதிப் பேர் வெளிநாட்டில். எல்லாரும் ஒரே நாளில் வந்து உட்கார வேண்டுமா? ஒரு புரோக்கர் தலைக்கு இவ்வளவு என்று சொல்லி, பத்து நாளில் தருகிறேன் என்கிறார்.

பதில்: உட்கார வேண்டாம். ஸ்பெயின் அரசர் நான்காம் கார்லோஸின் குடும்பத்தை 1800-01இல் அரசவை ஓவியர் கோயா வரைந்தபோது முகங்களைத் தனித்தனியாகத்தான் பார்த்து வரைந்துகொண்டார். அப்புறம்தான் பெரிய கேன்வாஸ். அவ்வளவு தூரம் ஏன், நம் மீனாட்சி கோயில் புதுமண்டபத் தூண்களில் நாயக்க மன்னர்கள் பத்துப் பேர் நிற்கிறார்களே, செதுக்கிய காலத்தில் பெரும்பாலோர் உயிரோடே இல்லை.

வெளியூர்க்காரர்களிடம் போட்டோ கேளுங்கள். எல்லாருக்கும் இடப்பக்க ஜன்னல் வெளிச்சம், ஃப்ளாஷ் கிடையாது, கேமரா கண் மட்டத்தில். செல்ஃபி வேண்டாம், மூக்கு பெருத்துவிடும். ஓவியத்தில் முகம் ஐந்து அங்குலமாவது இருந்தால்தான் ஜாடை வரும். வரிசைக்கு ஒன்பது பேர் என்றால் ஒன்பதடிக்கு ஆறடி கேன்வாஸ். வீட்டு வாசலில் நுழையுமா என்று முதலில் அளந்துவிடுங்கள்.

இப்போது அந்தப் புரோக்கர். பத்து நாளில் 27 முகம் எந்த ஓவியராலும் ஆகாது. ஆயில் பெயிண்ட் காயவே நாளாகும். போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் ஒட்டி, கேன்வாஸ் துணியில் பிரிண்ட் எடுத்து, மேலே பிசின் மாதிரி ஒன்றைத் தூரிகையால் இழுத்துவிடுவார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்: கன்னத்தில் புள்ளி புள்ளியாக மை தெரியும், தூரிகைத் தடம் மூக்கு, மீசை என்று எதன் வடிவத்தையும் பார்க்காமல் குறுக்கே கடந்து போகும். என்னிடமே இப்படி ஒன்றைக் கொண்டுவந்து “ரிப்பேர் பண்ணுங்கள்” என்றார்கள். ரிப்பேர் பண்ண அதில் பெயிண்ட் வேண்டுமே! வரைகிறவரையே நேரில் பாருங்கள். பென்சில் வரைவு, முகங்கள், முடிவு என்று மூன்று தவணையாகக் கொடுங்கள். அரசுக் கவின்கலைக் கல்லூரியில் படிக்க மதுரைப் பிள்ளைகள் சென்னைக்கும் கும்பகோணத்துக்கும் போக வேண்டியிருக்கிறது. இத்தனை பெரிய ஊரில் ஃப்ளெக்ஸ் கடைக்காரர் ஓவியராகாமல் என்ன செய்வார்?

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். பெண் பார்த்துக்கொண்டிருக்கும் பையன் யாராவது உண்டா? கோயா படத்தில் இளவரசருக்குப் பக்கத்தில் ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறாள். வரப்போகும் மருமகள் யாரென்று அப்போது முடிவாகவில்லை என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் காரணம். நம் வீட்டில் அப்படி வரைந்தால் வருகிறவள் சும்மா விடமாட்டாள். அவன் பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டு, பின்னால் திரைச்சீலை மட்டும் வரையச் சொல்லுங்கள். நிச்சயம் ஆனாலும் பொறுங்கள்; தாலி ஏறிய பிறகு அவளைச் சேர்க்கலாம். அதுவரை வார்னிஷ் அடிக்க வேண்டாம், அதன்மேல் வரைய முடியாது. எப்படியும் வார்னிஷுக்கு ஆறு மாதம் காத்திருக்கத்தான் வேண்டும்.