வாசல் கோலத்தைப் பார்த்து யூதர் வீடு என்று நினைத்துவிட்டார்கள்

அன்புள்ள ஆலோசகருக்கு,

பெர்லினில் நொய்க்கோல்ன் பகுதியில் குடியிருக்கிறோம். நான் யாழ்ப்பாணம், கணவர் கொழும்பில் வளர்ந்தவர். தைப்பூசத்தன்று வாசலில் வெண்கட்டியால் முருகனுக்கு அறுகோண நட்சத்திரக் கோலம் போட்டேன். மறுநாள் விடிய எழும்பிப் பார்த்தால் அதன்மேல் கறுப்புப் பெயின்ட். கதவில், ‘யூதர்களே வெளியேறுங்கள்’ என்று எழுதியிருந்தது.

நான் போனில் படம் எடுப்பதற்குள் கணவர் தேய்த்துக் கழுவத் தொடங்கிவிட்டார். பிறகு கதவுக்கு வெளியே பிள்ளையார் படத்தை மாட்டி, ‘நாங்கள் இந்துக்கள், யூதர்கள் அல்ல’ என்று ஜெர்மனில் எழுதி ஒட்டினார். மேல்மாடியில் ஒரு யூத அம்மா தனியாக இருக்கிறார். படியேறும்போது நின்று அதை வாசித்தார். அதன்பிறகு என்னோடு கதைப்பதில்லை. எடுத்துவிடுங்கள் என்றால் கணவருக்குக் கோபம் வருகிறது. ‘83இல் கொழும்பில் வாக்காளர் பட்டியலோடு தமிழர் வீடு தேடி வந்தவர்களை உனக்குத் தெரியாது’ என்கிறார். இரவில் எழும்பி எழும்பிப் பூட்டைப் பார்க்கிறார்.

ஒன்பது வயது மகள் கேட்கிறாள்: “அம்மா, வீடு மாறி எழுதிட்டாங்களா? மேல் வீட்டுக் கதவிலயா எழுதியிருக்கணும்?” என்ன சொல்வது?

— ஒரு வாசகி, பெர்லின்

அன்புச் சகோதரி,

முதலில் மகளுக்குப் பதில் சொல்லுங்கள். தள்ளிப்போட வேண்டாம். ‘எந்த வீட்டுக் கதவிலும் அப்படி எழுதக் கூடாது. மேல் வீட்டுப் பாட்டியும் எந்தத் தப்பும் செய்யவில்லை.’ ஒன்பது வயதுக்கு இது விளங்கும். வீடு மாறிப்போனதுதான் பிரச்சினை என்று அவள் மனதில் பதிந்துவிடக் கூடாது.

அந்த அம்மாவின் மௌனத்தைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2023 அக்டோபரில் உங்கள் நகரத்திலேயே சில வீட்டு வாசல்களில், உங்கள் கோலம் போலவே ஆறு முனை கொண்ட யூதச் சின்னமான தாவீதின் நட்சத்திரத்தை வரைந்து, யூதர் வீடு என்று அடையாளம் போட்டார்கள். அந்தப் பயத்தோடு படியேறுகிறவர் உங்கள் அறிவிப்பை எப்படி வாசித்திருப்பார்? ‘இங்கே இல்லை, மேலே போ’ என்றுதானே! உங்கள் கணவர் அப்படி நினைக்கவே இல்லை. ஆனால் அது அப்படித்தான் படுகிறது.

அந்தத் தாள் உங்களைக் காக்கும் என்றும் நான் நம்பவில்லை. 2018 ஏப்ரலில் பெர்லினின் பிரென்ஸ்லவர் பெர்க் பகுதியில், யூத ஆண்கள் அணியும் கிப்பா தொப்பியை அணிந்து போன ஓர் இளைஞனை, ‘யூதன்’ என்று கத்திக்கொண்டே ஒருவன் பெல்ட்டால் அடித்தான். அடிவாங்கியவர் யூதரே அல்ல, இஸ்ரேலைச் சேர்ந்த அரபு இளைஞர். அடிக்கிறவன் ஆளை விசாரித்துவிட்டு அடிப்பதில்லை.

ஆள் மாறினாலும் குற்றம் குற்றம்தான். யூத வெறுப்பை நோக்கமாகக் கொண்ட குற்றத்துக்குத் தண்டனை விதிக்கும்போது அந்த நோக்கத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று ஜெர்மன் தண்டனைச் சட்டம் 2021 முதல் வெளிப்படையாகவே சொல்கிறது. எனவே போனில் படம் ஏதாவது எடுத்திருந்தால் அதோடு போலீசில் புகார் கொடுங்கள். யூத வெறுப்புச் சம்பவங்களைப் பதிவு செய்யும் ரியாஸ் அமைப்பிலும் இதைப் பதிவு செய்யுங்கள். ரீச்அவுட் என்ற அமைப்பு இப்படிப் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆலோசனை தருகிறது.

இனி உங்கள் கணவர். அவரோடு வாதாடி அந்தத் தாளைக் கிழிக்க முடியாது. 83 ஜூலையில் கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது உண்மை. கதவில் எழுத்தைக் கண்டதும் அந்தச் சிறுவயதுப் பயம் திரும்பி வந்திருக்கிறது. இதைக் கோழைத்தனம் என்று நீங்கள் ஒருநாளும் சொல்லிவிடாதீர்கள். பிள்ளை தூங்கிய பிறகு, அன்று என்ன நடந்தது, யார் வந்தார்கள், எங்கே ஒளிந்தீர்கள் என்று கேளுங்கள். குறுக்கே பேசாமல் கேளுங்கள். அப்புறம், பட்டியலில் பெயர் இருந்தவர்களின் இடத்தில் இன்று மேல்மாடி அம்மா இருக்கிறார் என்பதை அவரே கண்டுகொள்வார் என்று நினைக்கிறேன்.

பிள்ளையார் படம் இருக்கட்டும், தாளை மட்டும் எடுத்துவிடலாம். எடுத்தபின் இருவருமாக மேலே போய், நடந்ததைச் சொல்லி, போலீசுக்குப் போகும்போது அவரும் வர விரும்புகிறாரா என்று கேளுங்கள். கோலத்தை உடனே போட வேண்டும் என்றில்லை. வீட்டில் எல்லோருக்கும் மனம் வரும்போது போடலாம். கணவரின் தூக்கம் இன்னும் சில வாரங்களுக்கு இப்படியே கெட்டால், குடும்ப மருத்துவரிடம் 83ஐயும் சேர்த்தே சொல்லச் சொல்லுங்கள்.